இடைவேளை உப்புமா

இந்த வாரம் மதுரை சிம்மக்கல் பக்கத்து வீடுகளில் செய்தித்தாளுக்குள் ஒரு விளம்பரத் தாள் செருகி வந்தது. கால்பந்து இரவுக்கான சாப்பாட்டுப் பொட்டலம், நான்கு பேருக்குப் போதும், வீடு தேடி வரும். படத்தில் ஒரு கூடம். நான்கு ஆண்கள் கையைத் தூக்கிக் கத்துகிறார்கள். ஓரத்தில் ஒரு பெண் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். தொலைக்காட்சி அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

பொட்டலத்தின் விலையைப் பற்றித்தான் இந்தப் பத்தி எழுத நினைத்தது. அந்த முதுகைப் பார்த்த பிறகு விலை இரண்டாம்பட்சமாகிவிட்டது.

சிம்மக்கல்லில், பழைய சொக்கநாதர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து வீடு. அந்த வீட்டு அப்பத்தா 1986-ல் தூர்தர்ஷனில் மரடோனாவைப் பார்த்த நாளிலிருந்து அர்ஜென்டினா கட்சி. 2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. கத்தாரின் லுசைல் அரங்கில் அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய இறுதி ஆட்டம் நம் நேரப்படி இரவு எட்டரைக்குத் தொடங்கியது. எட்டரை என்றால் தோசைக்கல் காயும் நேரம். மெஸ்ஸி 23-வது நிமிடத்தில் போட்ட கோலையும் டி மரியா 36-வது நிமிடத்தில் போட்டதையும் அப்பத்தா கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார். இனிப் பயமில்லை என்று பேரன் சொன்னதை நம்பி, இரண்டாம் பாதி பாதிக்கு மேல் ஓடியதும் அடுப்படிக்குப் போனார். எல்லோருக்கும் பசி.

மணி பத்தேகால் இருக்கும். கூடத்தில் ஒரு சத்தம், அது அடங்குமுன் இன்னொரு சத்தம்.

"யாருடா போட்டது?"

"எம்பாப்பே, அப்பத்தா. ரெண்டு போட்டுட்டாய்ங்க."

"ரெண்டா? இப்பத்தானடா ஒரு தோசையத் திருப்பிப் போட்டேன்!"

80-வது நிமிடத்தில் ஒன்று, 81-வது நிமிடத்தில் ஒன்று. இரண்டுக்கும் இடையே 97 விநாடிகள். ஒரு தோசையை ஊற்றி, எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு எடுக்கிற நேரம். உலகக் கோப்பை வரலாற்றில் இப்படி ஒரு இறுதி ஆட்டம் இன்னொரு முறை வாய்க்குமா தெரியாது. அதன் உச்சம் அந்தப் பெண்மணிக்கு வெறும் சத்தமாகத்தான் கிடைத்தது. "போட்டது நம்மாளுக இல்லியே, பாக்காதது நல்லதுதான்" என்று மகன் சமாதானம் சொன்னார். "ஜெயிச்சாலும் தோத்தாலும் கண்ணால பாக்கணும்டா" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பை அணைத்தார். கூடுதல் நேரத்தையும், 3-3 என்று நின்ற பிறகு 4-2 என்று முடிந்த பெனால்டிகளையும் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். மீதி மாவு அப்படியே கிடந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது: ஆட்டம் உள்ள இரவில் உப்புமாதான்.

உப்புமாவுக்காக இந்தப் பத்தி இதற்கு முன்பே இரண்டு முறை வாதாடியிருக்கிறது. வாசகர்கள் பலர் சண்டைக்கு வந்தார்கள். மூன்றாவது முறையும் வாதாடலாம், காரணம் வலுவாகவே இருக்கிறது. கால்பந்து விதிப்படி இடைவேளை 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் தொடங்கி, முடித்து, தட்டில் வைத்துவிடக் கூடிய சூடான சாப்பாடு வேறு எது? தோசை ஆள் ஆளுக்குத் தனியாக ஊற்ற வேண்டியது. ஊற்றுகிறவர் கல்லை விட்டு நகர முடியாது. சப்பாத்தி அதைவிட மோசம். சிம்மக்கல் கோனார் மெஸ் கறி தோசைக்கு இணை கிடையாது, ஆனால் அது கடையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய பண்டம்.

வேலையில் பாதியைப் பகலிலேயே முடித்துவிடலாம். ரவையை வெறும் வாணலியில் சிறு தீயில், மணம் வரும்வரை, சிவக்காமல் வறுத்து ஆற வைக்க வேண்டும். வறுத்த ரவைதான் வெந்நீரில் கட்டி தட்டாது. வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி நறுக்கி மூடி வைத்துவிடலாம். முதல் பாதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது யாராவது ஒருவர் (அது பேரனாகவே இருக்கட்டும்) ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் கணக்கில் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். நடுவர் விசில் ஊதியதும் பக்கத்து அடுப்பில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை. வெங்காயம் வதங்க மூன்று நிமிடம். கொதிக்கிற தண்ணீரையும் உப்பையும் சேர்த்து, ரவையை ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் கிளறி, மூடி, தீயைக் குறைத்தால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். தொட்டுக்கொள்ளச் சீனி, இல்லையென்றால் யானைக்கல் பழக்கடையில் வாங்கிய வாழைப்பழம். இரண்டாம் பாதிக்குப் பந்து நடுவட்டத்துக்கு வரும்போது வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருப்பார்கள். எல்லோரும் என்பதில் சமைத்தவரும் உண்டு.

இந்த ஊரில் அடுப்படியையும் கால்பந்தையும் சேர்த்துப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. மதுரையிலிருந்து போய் இந்தியாவின் சாம்பியன் பட்டம் வென்று வந்த கால்பந்து அணி ஒரு பெண்கள் அணி. 2016-ல் தொடங்கிய சேது எஃப்.சி., 2019 மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி இந்திய மகளிர் லீக்கை வென்றது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அந்த அணியில் ஆடினார். 2022-ல் புவனேஸ்வரத்தில் கடைசி நாள்வரை பட்டத்துக்கு நின்று, கோகுலம் கேரளாவிடம் 1-3 என்று தோற்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் 2-1 என்று வென்று இரண்டு முறை தேசியப் பட்டம் கொண்டுவந்தார்கள். சேதுவுக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் சென்னைச் சாலைகளில் நின்று பணி செய்தவர்.

சந்து வீட்டு அப்பத்தாவிடம் சேதுவைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. மெஸ்ஸியின் சட்டை எண் தெரிந்த பேரனுக்கும் தெரியாது. லூதியானாவில் கோப்பையைத் தூக்கிய பெண்களை மதுரையில் எத்தனை வீடுகள் பார்த்தன? விளம்பரத் தாளில் முதுகைக் காட்டி நிற்கும் பெண்ணை வரைந்தவருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அவளைத் திரும்பி நிற்க வைத்திருப்பார்.

மகளிர் லீக் அடுத்த முறை தொடங்கும்போது சேது ஆடுகிற நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ரவையைப் பகலிலேயே வறுத்து வைத்துவிடுங்கள். அன்றைக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பது வீட்டு ஆண்களின் வேலையாக இருக்கட்டும்.