தகரப் பெட்டியில் ஒரு மறுப்புக் கடிதம்



ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வந்து நம் திண்ணைகளை நனைக்கும். ஈரம் ஏறிவிடக் கூடாதே என்று தகரப் பெட்டியைத் திறந்து பழைய காகிதங்களைப் பார்ப்போம். உங்கள் வாப்பாவோ கணவரோ இராணுவத்தில் பணியாற்றியவராயின், இம்முறை அவற்றை நிதானமாகப் படியுங்கள்.

ஊன ஓய்வூதியத்தை மறுத்த கடிதம் ஒன்று அங்கே கிடக்கலாம். 'இந்நோய் படைப்பணியால் உண்டானதுமன்று, மிகுந்ததுமன்று' என்பதே அதன் சாரமாயிருக்கும். அவ்வொரு வரியோடு நம்பிக்கையிழந்து பெட்டியை மூடிவிட்டீர்களா?

தரம்வீர் சிங் என்ற சிப்பாய்க்கும் அவ்வாறே மறுக்கப்பட்டது. 1985இல் சிக்னல் படைப்பிரிவில் சேர்ந்த அவரை, வலிப்பு நோயால் 20 விழுக்காடு ஊனமுற்றவரென்று 1994இல் வீட்டுக்கு அனுப்பினர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது: சேரும்போது மருத்துவர் எந்நோயும் குறிக்கவில்லையெனில், பின்னர் வந்த நோய் பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும், அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது. அவருக்கு ஓய்வூதியம் கிடைத்தது.

20க்குக் குறையாது 50க்கு உட்பட்ட விழுக்காட்டை 50 எனக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றோருக்கும் உண்டென 2014 டிசம்பரில் அந்நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆயினும் எல்லா மறுப்பும் மாறிவிடும் என எண்ண வேண்டாம். மருத்துவக் குழு தக்க காரணம் எழுதியிருப்பின் முடிவு வேறாகலாம். 2023 செப்டம்பர் 21 முதல் பணியிலிருந்து விடுபடுவோருக்கு விதிகளும் வேறு.

தாமதமும் பொருளிழப்பே. 1983இல் வெளியேற்றப்பட்ட தர்சேம் சிங் 16 ஆண்டுகள் கழித்து 1999இல்தான் நீதிமன்றத்தை அணுகினார். நிலுவைத் தொகையை, வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டுமே உச்ச நீதிமன்றம் 2008இல் அனுமதித்தது. எஞ்சிய ஆண்டுகளின் தொகை போயிற்று.

ஆதலால் டிஸ்சார்ஜ் புத்தகம், மருத்துவக் குழு அறிக்கை, மறுப்புக் கடிதம் மூன்றையும் படியெடுத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி மேல்முறையீட்டுக்கு வழி கேளுங்கள். அங்கும் தீரவில்லையெனில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. உரியவர் காலமாகியிருந்தாலும், அவர் உயிரோடிருந்த காலத்து நிலுவையைக் கோர இயலுமா என்பதையும் தயங்காது கேளுங்கள்.

இது எவரிடமும் கையேந்தல் அன்று. உடல் தேய உழைத்தவரின் உரிமை. அடுத்த சாரலுக்குள் அந்தப் பெட்டி ஒருமுறை திறக்கட்டும்!