விழுந்த கணினிக்குப் பதில் சொல்லுங்கள்: டிரைவர் தயாரிப்போர் முன் ஒரு கோரிக்கைச் சாசனம்

கணினியை நம்பிப் பிழைக்கும் நாங்கள், டிடிபி மையம் வைத்திருப்போரும் கடைக்குக் கணக்கு எழுதுவோரும் சர்வீஸ் செய்வோரும், சாதனத்தை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருளான டிரைவரை வெளியிடும் சாதன நிறுவனங்களிடமும் இயங்குதள நிறுவனங்களிடமும் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம்.

எப்போதாவது காரணம் தெரியாமல் கணினி நின்றுபோவதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டரைச் செருகி, கணினியை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் ஒவ்வொரு தடவையும் திரை நீலமாகிறது. அந்த அடாப்டரின் டிரைவர் கோப்புப் பெயரும் திரையிலேயே வருகிறது. அடாப்டரைக் கழற்றிவிட்டால் கணினி ஒழுங்காக எழுகிறது. இப்படிச் சொன்னபடி திரும்ப வரும் பழுதை எழுதி அனுப்பினால், “விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள்” என்கிறார்கள். மேலும் கேட்டால் சாதனக்காரர் இயங்குதளத்தைக் கைகாட்டுகிறார், இயங்குதளக்காரர் சாதனத்தைக் கைகாட்டுகிறார்.

சாதாரண மென்பொருள் தப்புச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடும் டிரைவர் தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டால் முழு இயங்குதளமும் நின்றுவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய அப்டேட்டில் நடந்தது இதுதான். 20 உள்ளீடுகள் மட்டுமே வந்த இடத்தில் 21ஆவதைப் படிக்கப்போனது அதன் மென்பொருள். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. கோளாறான கோப்பை ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் ஏராளமான கணினிகளில் ஆள் நேரில் உட்கார்ந்து, சேஃப் மோடில் எழுப்பி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு டிரைவருடனும் பழுதைத் தெரிவிக்கும் முகவரி வர வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. லினக்ஸ் கர்னலில் எந்த டிரைவருக்கு யார் பொறுப்பு என்பது மூல நிரலோடு வரும் ஒரு கோப்பிலேயே மின்னஞ்சலோடு எழுதியிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு சாதனம் விற்பவரால் அது முடியாதா?

படிகளோடு ஒரு பழுது வந்தால், அதே மாடலை வைத்து ஒரு பொறியாளர் அந்தப் படிகளைச் செய்து பார்க்க வேண்டும். பழுது வந்ததா, வரவில்லையா என்று எழுத்தில் சொல்ல வேண்டும். யார் தப்பு என்பதை இரு நிறுவனங்களும் ஒரே புகார் எண்ணின் கீழ் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். எங்களைத் தூது போகச் சொல்லாதீர்கள்.

கணினி விழும்போது விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற இடத்தில், விழுந்த விவரம் அடங்கிய ஒரு டம்ப் கோப்பு உருவாகிறது. மைக்ரோசாஃப்ட் தன் பகுதிகளுக்கான, செயல்கூறுகளின் பெயர்களைக் காட்டும் சிம்பல் கோப்புகளைப் பொதுவில் தருகிறது. சாதன நிறுவனங்கள் பலவும் தருவதில்லை. அதனால் அந்த டம்ப் கோப்பை டிபக்கர் என்ற பழுதாராயும் கருவியில் திறந்தால் டிரைவரின் பெயரும் பக்கத்தில் ஓர் எண்ணும் மட்டுமே தெரிகின்றன, எந்தச் செயல்கூறில் உடைந்தது என்பது தெரிவதில்லை. குறைந்தது செயல்கூறுகளின் பெயர்களையாவது வெளியிடுங்கள்.

முழு நினைவக டம்ப் கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதில் எங்கள் கடவுச்சொல்லும் வாடிக்கையாளரின் ஆவணமும் இருக்கலாம். குறியாக்கம் செய்த வழியில் மட்டும் வாங்குங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிட்டதாக எழுதிக் கொடுங்கள்.

பழைய டிரைவர் பதிப்புகளை எடுத்துவிடாதீர்கள். நாங்கள் பழையதற்குத் திரும்பிய பிறகு, தானியங்கி அப்டேட் அதே கெட்ட பதிப்பை மறுபடி ஏற்றக் கூடாது. புதியதை முதலில் சிறு தொகுதிக் கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

எங்கள் பங்குக்கு, டிரைவர் பதிப்பு, இயங்குதளப் பதிப்பு, செய்த படிகள், டம்ப் கோப்பு எல்லாவற்றையும் ஒரு பழுதுக்கு ஒரு புகாராக அனுப்புவோம். நீங்கள் தரும் திருத்தத்தைச் சோதித்தும் சொல்வோம்.

இவற்றை ஏற்கும் நிறுவனம் தன் டிரைவர் பதிவிறக்கப் பக்கத்திலேயே அதை எழுதி வைக்க வேண்டும். சாதனம் வாங்கப் போகிறவர்களே, விலை பேசுவதற்கு முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: இதன் டிரைவரால் கணினி விழுந்தால் யாருக்கு எழுத வேண்டும்?