பெயருக்கு ஒரு பெட்டி போதும்

‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு பெட்டிகள். இரண்டாவதன் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம்: கட்டாயம் நிரப்ப வேண்டும். கிள்ளானில் டியூஷன் வகுப்பில் சேர்வதற்கும் இதே படிவம், பிரிக்பீல்ட்ஸில் கல்யாணத்துக்குப் பூமாலை சொல்வதற்கும் இதே படிவம். வெளிநாட்டு டெம்ப்ளேட் ஒன்றை இறக்கி, நிறத்தை மாற்றி, லோகோவை ஒட்டி ஒப்படைத்துவிடுகிறோம். பெட்டிகள் வந்தபடியே தங்கிவிடுகின்றன.

எங்கள் ஸ்டூடியோ இருக்கும் சுங்கை பூலோவில் நர்சரிகள் அதிகம். 1930-இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் கையால் வளர்ந்த தொழில் அது. இன்று அங்கேயும் இணையத்தில் ஆர்டர் எடுக்கிறார்கள். அப்படி ஒரு ஆர்டர் பட்டியலைத் திறந்து, குடும்பப் பெயர் என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். ஒருவர் புள்ளி வைத்திருப்பார். ஒருவர் கோடு போட்டிருப்பார். ஒருவர் தன் பெயரையே இரண்டாம் முறை எழுதியிருப்பார். ‘ஏ/எல்’ என்பதை மட்டும் அங்கே போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு; அவர்களுக்கு ‘அன்புள்ள திரு. ஏ/எல்’ என்று ரசீது போயிருக்கும். அப்பா பெயரை ஒழுங்காக எழுதியவர்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? போகன்வில்லா வாங்கியது மகள், நன்றிக் கடிதம் போனது அப்பாவுக்கு.

குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. மலேசிய அடையாளக் கார்டில் தன் பெயர், மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி, பிறகு அப்பா பெயர். சிங்கப்பூரில் அதே இடத்தில் எஸ்/ஓ, டி/ஓ. தமிழ்நாட்டில் அப்பா முன்னால் போய் ஒற்றை எழுத்தாக உட்கார்ந்துகொள்கிறார். மலாய்க்காரர்களுக்கு பின், பிந்தி. சரவாக்கின் ஈபான் மக்களுக்கு அனாக். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, ஆனால் அது முதலில் வரும். இதற்கு மேல், வீட்டில் வழங்கும் மறுபெயரை ‘@’ போட்டு ஒட்டிக்கொண்ட கார்டுகளும் நம் நாட்டில் ஏராளம். ஆக, இரண்டு பெட்டி இந்த ஊரில் யாருக்குப் பொருந்துகிறது? யோசித்துப் பார்த்தால் டெம்ப்ளேட்டை விற்றவருக்கு மட்டும்தான்.

பெட்டியோடு விட்டால் பரவாயில்லை. ஏ/எல், ஏ/பி நடுவே நிற்கும் சாய்கோடு உள்ளே போய்ச் செய்கிற வேலை வேறு. எங்களிடம் பராமரிப்புக்கு வந்த ஒரு பயிற்சி மையத்தின் தளம், பயிற்சி முடித்தவரின் பெயரையே கோப்புப் பெயராக வைத்துச் சான்றிதழை பிடிஎஃப் ஆக்கும். மலாய், சீன மாணவர்களுக்கு உடனே வந்துவிடும். தமிழ் மாணவர்களுக்கு வராது. லினக்ஸ் சர்வரில் சாய்கோடு என்றால் ஒரு ஃபோல்டர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். குமரன் ஏ/எல் பெருமாள் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சர்வர் ‘குமரன் ஏ’ என்ற ஃபோல்டரைத் தேடும், அது இருக்காது, அந்த இடத்தில் வேலை நின்றுவிடும். விண்டோஸிலும் கோப்புப் பெயரில் சாய்கோடு ஆகாது. மையத்தின் அலுவலகத்தில் யாரும் இதைப் பிழை என்று புகார் செய்யவே இல்லை. “இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும் வராது” என்று சொல்லி, ஒவ்வொன்றையும் கையால் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தீர்வு எளிது. கோப்புக்குப் பதிவு எண்ணைப் பெயராக வையுங்கள். ஆளின் பெயர் தாளுக்குள் அச்சானால் போதும்.

இணைய முகவரியிலும் அப்படியே. பெயரை முகவரிக்குள் திணித்தால் சாய்கோட்டைக் குறியீடாக்கி அனுப்பினாலும் அப்பாச்சி சர்வர் இயல்பு அமைப்பில் அதை ஏற்காது. 404 என்று திருப்பிவிடும். அங்கேயும் எண்தான் கைகொடுக்கும்.

அடுத்தது சரிபார்ப்பு விதி. ‘ஏ முதல் இசட் வரை, இடைவெளி, வேறெதுவும் கூடாது’ என்ற ரெஜெக்ஸ் எத்தனை தளங்களில் இன்னும் ஓடுகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். சாய்கோட்டைச் சேர்த்துவிடலாம் என்று சதுர அடைப்புக்குள் அதை வெறுமனே போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2023 முதல் முக்கிய உலாவிகள் ஹெச்டிஎம்எல்லின் பேட்டர்ன் பண்பைப் புதிய, கறாரான முறையில் படிக்கின்றன. அடைப்புக்குள் சாய்கோட்டுக்கு முன்னால் பின்சாய்கோடு இல்லாவிட்டால் அந்த விதியே செல்லாது. செல்லாத விதியை உலாவி கன்சோலில் ஒரு வரி முனகிவிட்டு ஒதுக்கிவிடும். படிவம் எதை வேண்டுமானாலும் உள்ளே விடும். பார்க்க எல்லாம் நன்றாக ஓடுவதுபோலவே இருக்கும்.

தமிழ் எழுத்தையும் அனுமதிக்கிறேன் என்று யூனிகோடின் ‘எழுத்து’ வகையை மட்டும் விதியில் சேர்ப்பவர்களுக்கு வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. யூனிகோடில் க, ம, ல எழுத்து வகை. காலும் கொம்பும் புள்ளியும் ‘குறி’ வகை. ஆகவே அந்த விதி ‘கமல’ வரை விடும், ‘கமலா’வை மறிக்கும். மெய்யெழுத்தில் முடியும் பெயர் ஒன்றுகூடத் தேறாது. குறி வகையையும் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால் பெயருக்குச் சரிபார்ப்பே வேண்டாம். காலியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காட்டும் இடத்தில் ஹெச்டிஎம்எல்லுக்கு ஏற்ப எஸ்கேப் செய்யுங்கள். பெயரில் மேற்கோள்குறி வந்தால் உடையும் டேட்டாபேஸை விதி போட்டுக் காப்பாற்ற முடியாது.

நீளமும் கணக்கில் வர வேண்டும். ‘முத்துக்கிருஷ்ணன்’ நமக்கு ஒன்பது எழுத்து. மேக்ஸ்லெங்த் பண்பின் கணக்கில் 17. யுடிஎஃப்-8-இல் 51 பைட். இருபதுக்கு மேல் கூடாது என்று கட்டிய பெட்டியில் இவர் அப்பா பெயருக்கு இடமே இல்லை. நூற்றைம்பது, இருநூறு என்று தாராளமாக விடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

தமிழில் பெயர் எழுதினால் யார் தட்டச்சு செய்யப்போகிறார்கள் என்று கேட்கும் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டவர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான். தட்டச்சுச் சிக்கலை நம் ஊரிலேயே தீர்த்து வைத்தாகிவிட்டது; தட்டியதை வாங்கிக்கொள்ளத்தான் நம் படிவங்கள் தயாராக இல்லை. அர்ச்சனைச் சீட்டு, அழைப்பிதழ், தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சி போன்ற தளங்களில் ‘தமிழில் பெயர்’ என்று விருப்பப் பெட்டி ஒன்று வையுங்கள். அங்கே ஒரு நுணுக்கம்: ‘கௌரி’ என்று சிலர் ஔகாரக் குறியோடு எழுதுவார்கள், சிலர் ‘கெ’ போட்டு ‘ள’ சேர்ப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடலுக்கு வேறுவேறு. சேமிக்கும்போது என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுவது நல்ல பழக்கம். ஒகர, ஓகாரக் குறிகள் துண்டாக வந்திருந்தால் அது ஒட்டிவிடும். ஆனால் இந்த ‘ள’வை அதனால் பிடிக்க முடியாது, தேடும் இடத்தில் நீங்களாகத்தான் கவனிக்க வேண்டும்.

ஆக, ஒரே பெட்டி. தலைப்பு ‘முழுப்பெயர்’. ஆட்டோகம்ப்ளீட் பண்பில் முழுப்பெயருக்கான மதிப்பு. கடிதத்தில் எப்படி அழைப்பது என்று தெரிய வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு விருப்பப் பெட்டி வைத்து அவரையே கேட்டுவிடலாம். டபிள்யூ3சி தன் சர்வதேசமயமாக்கல் குறிப்பில் இந்த வழியைச் சொல்கிறது. பெயரை உடைத்து வாங்கினால் எல்லோருக்கும் பொருந்தாது என்று பிரிட்டன் அரசின் வடிவமைப்பு வழிகாட்டியும் எச்சரிக்கிறது. அடையாளக் கார்டில் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கிறதே, அழகாக மாற்றுகிறேன் என்று பிஹெச்பி கட்டளையிடம் கொடுத்துவிடாதீர்கள். ஏ பெரிதாகவும் எல் சின்னதாகவும் வந்து நிற்கும். அவர் எழுதியபடியே விட்டுவிடலாம்.

பெயர் குழம்புகிறது என்பதற்காக அடையாளக் கார்டு எண்ணைக் கேட்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு இலக்கத்தில் பிறந்த தேதியும் பிறந்த இடமும் ஆணா பெண்ணா என்பதும் அடங்கியிருக்கின்றன. செடி கொண்டுபோய்க் கொடுக்க இது எதற்கு? கைப்பேசி எண்ணே ஆளை அடையாளம் காட்டிவிடும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தம் தண்டத்தின் உச்சத்தை மூன்று லட்சம் ரிங்கிட்டிலிருந்து ஒரு மில்லியனாக்கிவிட்டது. 2025 ஜூன் முதல் தரவுக் கசிவை அறிவிப்பதும் கடமை. வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னால் அந்தப் பெட்டியை அவரே எடுக்கச் சொல்வார்.

புதிய தளத்தில் இதற்கெல்லாம் கூடுதல் செலவு கிடையாது, ஒரு பெட்டி குறைகிறது. பழைய தளத்தில்தான் வேலை. இரண்டு பத்திகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிடாதீர்கள். சீனர்களின் பெயர் தலைகீழாகிவிடும். புள்ளியும் கோடும் பெயரோடு சேர்ந்துவிடும். புதிய பத்தியில் ஒட்டி வைத்து, பழையவற்றைச் சில காலம் அப்படியே விட்டு, வாடிக்கையாளர் அடுத்த முறை உள்ளே வரும்போது அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சோதனைத் தரவில் ‘டெஸ்ட் டெஸ்ட்’, ‘ஜான் டோ’ போடுவதையும் நிறுத்தலாம். ஏ/பி-யும் @-உம் சேர்ந்த ஒரு நீளப் பெயர், அப்பா பெயரே இல்லாத ஒற்றைச் சொல் பெயர், மூன்று சொல் சீனப் பெயர், ஔகாரம் உள்ள தமிழ்ப் பெயர் என்று நான்கை வைத்துக்கொள்ளுங்கள். படிவத்திலிருந்து ரசீது, மின்னஞ்சல், பிடிஎஃப், எக்செல் வரை நான்கையும் ஓடவிட்டுப் பாருங்கள். எக்செலில் தமிழ்ப் பெயர் கிறுக்கலாகத் தெரிந்தால், சிஎஸ்வி கோப்பின் தலையில் பிஓஎம் சேர்க்கவில்லை என்று அர்த்தம்.