தூண் பாறை ஓடிப் போகாது!

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சென்றால், வத்தலகுண்டில் குடியிருக்கும் எங்களுக்கு விருந்தாளிகளுக்குக் குறைச்சலே இல்லை. கொடைக்கானலுக்கு ஏறும்போது ஒரு காபி, இறங்கும்போது ஒரு சாப்பாடு. சாப்பாடு ஆனதும் எல்லோரும் போனை நீட்டிப் படம் காட்டுவார்கள். பத்துப் படத்தில் எட்டில் பாறையே இருக்காது. வெள்ளை வெளேரென்று மேகம், அதற்கு முன்னால் கண்ணை இடுக்கிக்கொண்டு நாலு பேர்!

"நேர்ல பார்த்தா மூச்சே நின்னு போச்சு மதினி, படத்துல ஒண்ணும் வரலை. இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குப் போய் எடுத்திருக்கணும்" என்பார் கொழுந்தனார். இந்த 'இன்னும் கொஞ்சம் ஓரம்' என்கிற பேச்சுக்காகத்தான் இந்தத் தடவை இதை எழுத உட்கார்ந்தேன். மலை முகட்டை நன்றாக எடுப்பதற்கு ஓரத்துக்கே போக வேண்டியதில்லை, சகோதரிகளே. எட்ட நின்று, கொஞ்சம் காத்திருந்தால் போதும்.

முதலில் பாறையைப் பற்றி ஒரு வார்த்தை. தூண் பாறை என்று நாம் சொல்லும் மூன்று பாறைகளும் சுமார் 400 அடி உயரம். பழனி மலையில் பெரும்பாலும் இருப்பது சார்னோகைட் என்ற கடினமான கல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கு இந்தக் கல்லைத்தான் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் இந்தப் பெயரை வைத்தார். ஐம்பது கோடி வருஷத்துக்கும் முந்தைய கல் இது. அதில் செங்குத்தாக விழுந்த வெடிப்புகளில் மழைத் தண்ணீர் இறங்கி இறங்கித் தேய்த்ததால்தான் இப்படித் தூண் தூணாய் நிற்கிறது. அந்த வெடிப்பும் மடிப்பும் தெரிந்தால்தான் படம் படமாக இருக்கும்.

அதற்கு வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும். உச்சி வெயிலில் பாறை சப்பென்று தட்டையாகிவிடும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக் காற்று சூடாகி மேலே எழும்பும். மேலே வந்ததும் குளிர்ந்து மேகமாகிவிடும். மத்தியானத்துக்கு மேல் போனால் பல நாளும் வெள்ளைத் திரைதான். ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

மேகம் மூடிவிட்டதென்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கு வேர்க்கடலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். காற்றடித்தால் மேகம் விலகும். பாதி மூடி, பாதி தெரிகிற அந்த ஒரு நிமிஷத்தில்தான் பாறை உண்மையிலேயே உயரமாகத் தெரியும். தூண் பாறை எங்கேயும் ஓடிப் போகாது!

இப்போது போனை எடுப்போமா? ஈரக் காற்றில் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். பருத்திக் கைக்குட்டையால் மெதுவாகத் துடையுங்கள். பாதிப் படம் மங்கலாவது இதனால்தான். உயரமான பாறைக்குப் போனை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். திரையில் பாறை தெரியும் இடத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால், வெளிச்சத்தைப் பாறைக்குத் தகுந்தபடி அது சரிசெய்துகொள்ளும். வானம் ரொம்ப வெளுத்துப் போனால் பக்கத்தில் வரும் சூரியன் அடையாளத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். இன்னொன்று, வெறும் பாறையை மட்டும் எடுத்தால் அது 400 அடியா, 40 அடியா என்று யாருக்கும் தெரியாது. ஓரத்து மரம் ஒன்றையாவது படத்தில் சேர்த்துக்கொண்டால் அளவு புரியும்.

குடும்பத்தோடு பாறையும் வேண்டுமா? இங்கேதான் நிறையப் பேர் தவறான வழிக்குப் போகிறார்கள். ஆளைக் கம்பிக்குப் பக்கத்தில் தள்ளத் தள்ளப் பாறை பெரிதாகாது. கம்பியிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி எல்லோரையும் நிறுத்துங்கள். எடுப்பவர் அவர்களிடமிருந்து இன்னும் நன்றாக விலகிப் போய், போனில் இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுக்கட்டும். ஆட்கள் அதே அளவில் இருப்பார்கள். பின்னாலிருக்கும் பாறை மட்டும் எழும்பி வந்து நிற்கும். ஒரு தடவை செய்து பாருங்களேன், வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டுப் போவார்.

ஆனால் ஒன்று. எடுப்பவர் திரையைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடக்கவே கூடாது. முதலில் திரும்பி நடந்து, நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து, காலை ஊன்றிய பிறகுதான் போனைத் தூக்க வேண்டும். என் நாத்தனார் மகளின் கல்யாணமான வருஷம், மலை ரோட்டு வளைவில் மாப்பிள்ளை எல்லோரையும் படத்துக்குள் அடக்கப் பின்னாலேயே நடந்திருக்கிறார். சோளக்கதிர் விற்ற அம்மா ஒருத்தி சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால்... சொல்லவே வாய் வரவில்லை.

டில்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் சேர்ந்து செய்து 2018-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. 2011 அக்டோபரிலிருந்து 2017 நவம்பர் வரை, செல்ஃபி எடுக்கப் போய் உலகத்தில் 259 பேர் இறந்ததாகச் செய்திகளிலிருந்து தொகுத்திருக்கிறார்கள். சராசரி வயது 23 கூட இல்லை! மிக அதிகம் எந்த நாட்டில் தெரியுமா? நம் இந்தியாவில்தான். பெற்று வளர்த்த வயிறு கேட்டால் எரியாதா?

அந்த உயரத்தில் தலை சுற்றுவதற்கும் காரணம் இருக்கிறது. நாம் ஆடாமல் நிற்பதற்குக் கண்ணும் உதவுகிறது. பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால் உடம்பு லேசாகச் சாய்வதைக் கண் உடனே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். எதிரே வெறும் பள்ளத்தாக்கு மட்டும் என்றால் அந்தத் துப்பு கிடைக்காது, உடம்பு தள்ளாடும். அதிலும் போன் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். கிறுகிறுவென்று வந்தால் உடனே உட்காருங்கள், அல்லது கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் செடியைப் பாருங்கள். வெறும் வயிற்றில் மலையேறுவதும் வேண்டாம்.

எந்த இடத்துக்குப் போகலாம் என்று கேட்கிறீர்களா? கைக்குழந்தைக்காரர்களுக்குக் கோக்கர்ஸ் வாக் நல்லது. 1872-ல் கோக்கர் என்ற அதிகாரி போட்ட நடைபாதை, சுமார் ஒரு கிலோமீட்டர். அதிர்ஷ்டம் இருந்தால் உங்கள் முதுகுப் பக்கம் வெயிலும் கீழே மேகமும் சேரும்போது, உங்கள் நிழலே வானவில் வளையத்தோடு மேகத்தில் விழும். அதைவிட நல்ல படம் வேறென்ன வேண்டும்!

டால்பின் நோஸ் வேறு மாதிரி. வட்டக்கானல் வழியாகச் செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும். பாறை பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகளோடு போவதற்குரிய இடம் அது அல்ல. குணா குகையும் அப்படித்தான். 1991-ல் வந்த 'குணா' படத்துக்குப் பிறகு அந்தப் பெயர் வந்தது. 2006-ல் கேரளத்து இளைஞர் ஒருவர் அங்கே ஆழமான குழிக்குள் விழுந்து, நண்பரே கயிற்றில் இறங்கி மீட்டார். 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்று அதையே சினிமாவாக எடுத்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கமே நின்று பாருங்கள். வேலி தாண்டுகிற விடலைப் பிள்ளைகளை 'நமக்கென்ன' என்று விடாமல், "வாங்கப்பா இந்தப் பக்கம்" என்று ஒரு குரல் கொடுங்கள். அம்மா குரலுக்குக் கொஞ்சம் மரியாதை இன்னும் இருக்கிறது.

கிளம்புமுன் வீட்டிலேயே மூன்று விஷயம் பேசி முடித்துவிடுங்கள். படம் எடுப்பவர் யார், பிள்ளையைப் பிடித்துக்கொள்பவர் யார் என்று தனித்தனியாக ஆள் வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்யக் கூடாது. குழந்தையைக் கம்பியின் மேல் உட்கார வைத்துப் போஸ் கிடையாது. தின்பண்டப் பையைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். குரங்கு பறிக்க வரும்போது பிள்ளை பயந்து எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது.

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. கிளம்புவதற்கு முன்பே அந்த விவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர், எலுமிச்சம்பழம், பிடிமானமுள்ள செருப்பு, முழுசாகச் சார்ஜ் ஏற்றிய போன் இவ்வளவு போதும். ஹை ஹீல்ஸ் அலமாரியிலேயே இருக்கட்டும்!