10 பாகம்னா எத்தனை மீட்டர்? தூத்துக்குடி கடலில் ஆழக் கணக்கு மாறினால் என்ன ஆபத்து?

தூத்துக்குடி கடலில் ஆழத்துக்கு இரண்டு கணக்கு உண்டு. துறைமுகத்தில் மீட்டர். மீனவர்கள், சங்கு குளிப்பவர்கள் பேச்சில் 'பாகம்'. இரண்டும் ஒன்றல்ல, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்!

பாகம்னா என்ன?

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுசா விரிச்சா, விரல் நுனி முதல் விரல் நுனி வரை உள்ள நீளம்தான் ஒரு பாகம். ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, மேலே இழுக்கும்போது கைவிரிப்பால் அளப்பது பழைய முறை. ஆங்கிலேய மாலுமிகளின் 'ஃபேதம்' அளவும் கைவிரிப்பில் பிறந்ததுதான். அதன் நிலையான மதிப்பு 6 அடி, அதாவது 1.8288 மீட்டர். கையால் அளக்கும் பாகம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

மாற்றுவது எப்படி?

* பாகத்தை மீட்டராக்க: 1.83-ஆல் பெருக்கணும். 5 பாகம் = 9.1 மீட்டர்; 10 பாகம் = 18.3 மீட்டர்.
* மீட்டரை பாகமாக்க: 1.83-ஆல் வகுக்கணும்.
* மனக்கணக்கு: மீட்டரில் பாதி எடுத்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்க. 20 மீட்டர்னா, 10 + 1 = 11 பாகம். துல்லியமான விடை 10.94.

முங்குபவருக்கு என்ன சிக்கல்?

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி வளரும் பாறைத் திட்டுகளை 'பார்' என்பார்கள். பல பார்கள் சுமார் 5 முதல் 10 பாகம் ஆழத்தில் உள்ளன. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. ஆனால், சங்கு குளிப்பு இன்றும் தொடர்கிறது.

'பத்து' என்பதை மீட்டர் என நினைத்து 10 பாகத்தில் இறங்கினால், உடல் மீதான அழுத்தம் 2 மடங்குக்குப் பதில் 2.8 மடங்காகும். கம்ப்ரசர் குழாய் மூலம் சுவாசிப்பவர் அங்கே அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாக மாறும். மூட்டுவலி, பக்கவாதம், உயிரிழப்பு வரை போகலாம்.

கப்பலுக்கு?

இங்கே ஆபத்து தலைகீழ். வரைபடத்தில் உள்ள 7 மீட்டரை 7 பாகம் எனப் படித்தால், 12.8 மீட்டர் ஆழம் இருப்பதாகத் தோன்றும். 9 மீட்டர் ஆழம் தேவைப்படும் கப்பல் அங்கே தரை தட்டும்.

எக்கோ சவுண்டர் கருவியிலும் மீட்டர், அடி, ஃபேதம் என அளவை மாற்றிக்கொள்ள முடியும். அதனால் எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பார்க்கணும். யாராவது 'பத்து' என்றால், 'பாகமா, மீட்டரா?' என்று கேட்டுவிட்டு இறங்குவதே பாதுகாப்பு.