பிறர் கொச்சைக்குக் கட்டணமா?

புதுவையினின்று கடலூர் செல்லும் பெருஞ்சாலையில் தவளக்குப்பத்தை அடையுமுன்னரே மின்கம்பந்தோறும் பேச்சாங்கில வகுப்புகளின் தட்டிகள் கண்ணிற் படுகின்றன. இலக்கண ஆங்கிலம் பழஞ்சரக்காகிவிட்டது. இப்போது விலைபோவது, வெள்ளைக்காரர் தம் தெருவிலும் குடிக்கடையிலும் வழங்கும் கொச்சை ஆங்கிலம். அதற்கும் கட்டணம் உண்டு; கட்டுதற்குப் பெற்றோரும் உளர்.

அத்தகைய வகுப்பொன்றில் வழங்கிய தாளை மாணவன் ஒருவன் எம்மிடம் காட்டினான். "வாளியை உதைத்தான்" எனின் செத்தான் என்பது பொருளாம். "காலை உடைத்துக்கொள்" எனின் மேடையேறுவானுக்கு வாழ்த்தாம். "பூனையும் நாயுமாய்ப் பொழிகிறது" எனின் பெருமழையாம். அனைத்தையும் அவன் உருப்போட்டிருந்தான். "மண்டையைப் போட்டான் என்று நம்மூரார் சொல்வதைக் கேட்டதுண்டா?" என வினவினோம். "அது கொச்சை ஐயா" என்று நகைத்தான். வெள்ளையன் வாளியை உதைத்தால் அது நாகரிகம். தமிழன் மண்டையைப் போட்டால் அது கொச்சை! இவ்வேறுபாட்டை அப்பிள்ளைக்குக் கற்பித்தவர் யாவர்?

கொச்சை வேறு, உலக வழக்கு வேறு. வாழைப்பழத்தை 'வாயப்பயம்' எனல் நாத்திருந்தாமையால் வந்த கொச்சை. அதற்கு யாம் வாழ்த்துக் கூறவில்லை. 'மண்டையைப் போட்டான்' என்பதோ, சொற்கள் செப்பமாய் நிற்கப் பொருள் மட்டும் எள்ளலாய்த் திரிந்த வழக்கு. தொல்காப்பியர் வழக்கையும் செய்யுளையும் இரு கண்ணாகக் கொண்டே நூல் யாத்தார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன்னிருந்த பவணந்தியார், மக்கள் வாய்வழக்கை இயல்பு வழக்கு என்றும் தகுதி வழக்கு என்றும் பிரித்து, மரூஉ, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என ஒவ்வொன்றற்கும் பெயரிட்டு இடம் வகுத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் குழூஉக்குறி. உள்ளே போனதும் மறைவெல்லாம் விளம்பவைப்பது கள் அன்றோ? இதனினும் நயமான குடிக்கடைச் சொல்லை இலண்டன் மாநகர் காட்டட்டும், பார்ப்போம்.

ஆங்கிலேயர் தம் தெருவழக்கை எங்ஙனம் ஆக்கினர்? யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஆப்சன் சாப்சன்' என்னும் அகரமுதலியைப் புரட்டுக. (பர்னெல் தஞ்சையில் முறைமன்ற நடுவராக இருந்தவர்.) படைப்பிரிவின் சிறுசிறைக்கு வெள்ளைப் படைஞர் இட்ட பெயர் 'கஞ்சி வீடு', அடைபட்டவனுக்கு அங்குக் கிடைத்தது கஞ்சி. சென்னை மாநிலத்து வெள்ளை அலுவலர்க்கு வழங்கிய பட்டப்பெயர் 'மல்'. அது நம் மிளகுதண்ணீர் அவர் வாயிற் சிதைந்ததன் தலைத்துண்டு. சுருட்டும் கட்டுமரமும் அவர் மொழியிற் குடியேறியதும் இங்ஙனமே. இதற்கு அவர் எவர்க்கும் கட்டணம் கட்டவில்லை. தாம் உண்டதினின்றும் பட்டதினின்றும் தம் வாயாலேயே ஆக்கிக்கொண்டனர். தெருவழக்குப் பிறக்கும் வழி அதுவே. தாளைப் பார்த்து உருப்போட்டால் சொல் வரும். அதனை யாரிடம், எப்போது, எந்த முகத்தோடு சொல்வது என்னும் உணர்வு வாராது. அச்சொல்லும் பிந்தியே வரும். அத்தாளிலிருந்த பூனையும் நாயும் இற்றை ஆங்கிலேயர் வாயில் அரிதாகவே பொழிகின்றன.

புதுவைக்கு இம்மயக்கம் புதிதன்று. பிரஞ்சியர் ஆட்சியில் மதிப்பெல்லாம் அவர் மொழிக்கு இருந்தது. 1954-இல் ஆட்சி கைமாறியபின் அவ்விருக்கையில் ஆங்கிலம் அமர்ந்தது. புதுச்சேரியைப் புதுவை என்றது நம் மரூஉ. அதனை அயலார் பாண்டிச்சேரி ஆக்க, நம் இளைஞர் அதையும் நறுக்கிப் 'பாண்டி' என்கின்றனர். 2006-இல் புதுச்சேரி என்னும் பெயர் சட்டத்தில் மீண்டது. நாவில் இன்னும் மீளவில்லை.

ஆங்கிலமே கற்க வேண்டா என்று யாம் கூறுவதாக எவரும் திரித்துரைக்க வேண்டா. கற்க வேண்டுவார் திருத்தமாகக் கற்கட்டும்; கற்றதைக் கொண்டுவந்து தமிழில் இறக்கட்டும். இதற்கு எடுத்துக்காட்டு அருகிலேயே உள்ளது. எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த செய்தி நடுவத்தின் வழியே, அமெரிக்கக் கடற்படை ஆங்கிலத்தில் வெளியிட்ட அலையுயர முன்னறிவிப்பு, தமிழாக்கப்பட்டு வீராம்பட்டினத்து மீனவர்க்கு ஒலிபெருக்கியிற் சென்றது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரிலிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைபேசியில் ஊரை எச்சரித்தார். அவ்வூர்ச் செய்தி நடுவத்து ஒலிபெருக்கி அதனை முழங்க, மக்கள் கரையை விட்டு ஓடி உயிர் தப்பினர். அந்நேரத்தில் அங்குப் பேசியது எம்மொழி? அகரமுதலி பார்த்துப் பொருளறிய வேண்டிய மொழியா?

நம் பிள்ளைகளின் வாயில் ஆக்கும் ஆற்றல் இன்னும் வற்றவில்லை. கூர்மழுங்கிய கத்தியைக் குறித்த 'மொக்கை' என்னும் சொல்லைச் சுவையற்ற பேச்சுக்கு ஏற்றியவர் எந்தப் புலவரும் அல்லர், கல்லூரி இளைஞரே. 'சொதப்பல்' என்பதும் அத்தகையதே. புலவர் சிலர் இவற்றைக் கேட்டு முகஞ்சுளிக்கின்றனர். 'பறி'யும் 'சொல்விளம்பி'யும் ஒருகாலத்தில் இப்படித்தான் ஒலித்திருக்கும். தமிழ் வேரில் தளிர்க்கும் சொல்லைக் கிள்ளிவிட்டு, 'புரோ' என்றும் 'சில்' என்றும் அயல்தளிரை நூலால் கட்டித் தொங்கவிடுவதே எமக்கு ஒவ்வாதது.

1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டப் பொறுப்பேற்ற பாவாணர், சிற்றூர்தோறும் வழங்கும் சொற்களைத் தொகுக்க வேண்டுமென வற்புறுத்தி வந்தார். 1981-இல் அவர் மறைந்தார், அப்பணி முடிந்தபாடில்லை. தவளக்குப்பத்துக்குக் கிழக்கே நல்லவாட்டிலும் பூரணாங்குப்பத்திலும் உள்ள முதிய மீனவர்க்குக் காற்று ஒன்றே அன்று. வாடை, கொண்டல், கச்சான் என வேறு வேறு. வலைக்கும் மீனுக்கும் நீரோட்டத்துக்கும் அவர்தம் நாவில் எத்தனை பெயர்கள் கிடக்கின்றனவோ! இவ்வட்டாரப் பள்ளிகள் கிழமைக்கு ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குக. ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருபதின்மர் ஒரு கோடை விடுமுறையில் கரையோரம் அமர்ந்து கேட்டெழுதினால் சிறு பொத்தகம் ஒன்று தேறும். அச்சுச் செலவை ஊரார் ஏற்பர். ஏலாவிடின் இவ்விதழ் ஏற்கும்.