முகம் பார்த்தா, பதிவேடு பார்த்தா?



ஆலையில் வேலை இல்லை என்கிறார் முதலாளி. நூல் தேங்கிக் கிடக்கிறதாம். ஆட்குறைப்பு செய்தே தீர வேண்டுமாம். அது மெய்யா பொய்யா என்பது ஒரு சண்டை. இன்னொரு சண்டையும் உண்டு. வெளியே போகிறவர் யார் என்று முடிவு செய்வது யார்?

எனக்குத் தெரிந்த ஒரு நூற்பாலையில் ஒரு நாள் காலை கேட்டில் பட்டியல் தொங்கியது. இருபது வருஷம் ஸ்பின்னிங்கில் நின்றவரின் பெயர் அதில் இருந்தது. மூன்று வருஷத்திற்கு முன் அதே பிரிவுக்கு வந்த மேஸ்திரியின் மைத்துனன் பெயர் இல்லை. காரணம் கேட்டோம். “திறமைக் குறைவு” என்றார்கள். இருபது வருஷம் லாபம் கொட்டியபோது தெரியாத குறைவு, அவர் சங்கச் செயலாளரான மறுமாதம் தெரிந்துவிட்டதா?

பண்ணையார் வரப்பில் நின்று, “நீ நாளைக்கு வர வேண்டாம்” என்று விரல் நீட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விவசாயத் தொழிலாளிக்குப் பதிவேடு கிடையாது. ஆலைத் தொழிலாளிக்கு உண்டு. அதைத்தான் நிர்வாகம் மூடி வைக்கப் பார்க்கிறது.

1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் 1953இல் ஒரு விதி சேர்ந்தது. ஒரு பிரிவில் கடைசியாக வந்தவரே சாதாரணமாக முதலில் போக வேண்டும் என்பது அது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் இரண்டிலும் ஒரு சந்து உண்டு: காரணத்தை எழுதி வைத்துவிட்டு வரிசையை மீறலாம். புதிய சட்டம் மேலும் நம் கையைக் கட்டுகிறது. 100 பேர் இருந்தாலே ஆட்குறைப்புக்கு சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்தது, 300 பேர் என்றாகிவிட்டது. நீக்கப்பட்டவரை மறுபடி முதலில் அழைக்க வேண்டும் என்ற உரிமையும் ஒரு வருஷத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆகவே பட்டியல் தொங்கும்வரை காத்திருக்காதீர்கள். பிரிவுவாரியாக, சேர்ந்த தேதியுடன் சீனியாரிட்டி பட்டியலை இன்றே கேளுங்கள். திடீரென்று ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றினால் எழுத்தில் ஆட்சேபியுங்கள். பழைய ஆளைப் புதிய பிரிவில் கடைசி ஆளாக்கும் தந்திரம் அது. வரிசை மீறினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திறமைக் குறைவென்றால் மெமோ எங்கே, உற்பத்திக் கணக்கு எங்கே? ஓராண்டு சர்வீஸ் முடித்தவருக்கு ஒரு மாத நோட்டீசும், வருஷத்திற்கு 15 நாள் சம்பளமும் சலுகை அல்ல, உரிமை. அதைக் காட்டி நீட்டும் ராஜினாமாக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

“அப்படியானால் இளைஞர்கள்தானே முதலில் போவார்கள்?” என்று கேட்கலாம். அவர்கள் நம் பிள்ளைகள். ஒருவரும் போகக் கூடாது என்பதே நம் முதல் கோரிக்கை. ஆனால் இன்று வரிசையை விட்டுக்கொடுத்தால், நாளை வாய் திறக்கும் இளைஞனையும் எந்தப் பதிவேடும் காப்பாற்றாது.

அந்த இருபது வருஷத் தொழிலாளி என்ன ஆனார்? வழக்கு நான்கு வருஷம் இழுத்தது. வேலை திரும்பக் கிடைத்தது. அதற்குள் அவர் மகன் பள்ளிக்கூடத்தை விட்டு மளிகைக் கடையில் மூட்டை தூக்கப் போய்விட்டான். பட்டியல் தொங்கிய பிறகுதான் நாங்கள் பதிவேட்டைக் கேட்டோம். அந்தத் தவறு எங்களுடையது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்!